காலி வீட்டு விலை

"வெறும் வீட்டுக்கு எட்டாயிரம். வீரமலையோட சேர்த்துன்னா நாலாயிரம்" என்றார் வீட்டுத் தரகர் லூர்து. சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவர் மாதிரி குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

உறையூர் நாச்சியார் கோயில் மதிலோரம் நின்று அவரும் இருளாயியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பேசுகிற பேச்சு இல்லை இது. இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடது கன்னத்தின் வீக்கம் இன்னும் வடியவில்லை. தாலி கட்டினவனுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நாலாயிரம் ரூபாய், அதுவும் கழித்தல் கணக்கில்.

"அந்த ஆளை வீட்டோட சேர்த்து எவன்ணே வாங்குவான்?" என்றாள்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். வீடு தங்கமா இருக்கு. கிணத்துத் தண்ணி கல்கண்டு. ஆனா உள்ள ஆள் உக்காந்திருந்தா வாங்கறவன் பயப்படுவான். நாளைக்கு வீட்டைக் காலி பண்ணமாட்டேன்னு சட்டம் பேசினா கோர்ட்டுக்கு யாரு நடக்கிறது?"

இருளாயியின் அவசரம் லூர்துக்குப் பாதிதான் தெரியும்.

வீடு அவளுடையது. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த அவள் அப்பா வெள்ளைச்சாமி, ஒவ்வொரு ஜோடி மாட்டுக்கும் கிடைத்ததைச் சேர்த்து வைத்துக் கட்டினது. ஓட்டு வீடு, இரண்டு கட்டு, கொல்லையில் கிணறு, கிணற்றடியில் ஒரு தென்னை. மூத்தவள் வேலம்மாள் புருஷனோடு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டதால், சாவதற்கு முன்னால் மனுஷர் வீட்டை இளையவள் பேருக்குப் பத்திரம் பண்ணி வைத்தார். அந்த ஒரு காரியத்தைச் சரியாகப் பண்ணினார். மாப்பிள்ளை பார்ப்பதில்தான் கோட்டை விட்டார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்த மனுஷர் மருமகனுக்குப் பார்க்கவில்லை.

வீரமலை வீட்டோடு மாப்பிள்ளை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், பீடிகூடப் பிடிக்கமாட்டான். குடிபோதையில் அடித்துவிட்டான் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளும் வசதிகூட இருளாயிக்கு வாய்க்கவில்லை. தெளிந்த புத்தியோடு, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அடிப்பான். முதல் பிள்ளை அடுப்படியில் விழுந்த உதையில் போயிற்று. இரண்டாவது கிணற்றடியில் போயிற்று. இரண்டு தடவையும் தெரு ஜனங்கள் 'கால் வழுக்கி விழுந்துட்டா பாவம்' என்று பேசிக்கொண்டார்கள். அவள் கத்தினது அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது.

இப்போது மூன்றாவது. யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். அந்த அம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முதுகில் இருந்த தழும்புகளையும் தொட்டுப் பார்த்தாள். "குழந்தை நன்னா இருக்கு. வயித்துல அடி படாமப் பாத்துக்கோ. இன்னொரு தடவை ஆச்சுன்னா அதுவும் தங்காது, நீயும் தங்கமாட்டே" என்றாள். திரும்பி வரும்போது பஸ் காவேரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. வயிறு வெளியே தெரிவதற்குள் வீட்டை விற்றுவிட்டுக் கோலாருக்குப் போய்விட வேண்டும் என்று அந்தப் பாலத்தின் மேல்தான் முடிவு பண்ணினாள்.

அப்படியே ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு என்ன, வாய் வலிக்குமா? அக்காள் வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரு சம்பளம். வெறுங்கையோடு வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் எத்தனை நாள் சோறு போடுவாள்? அதைவிட இன்னொன்று இருந்தது. அவள் ஓடிப்போனால் வெள்ளைச்சாமி கட்டின வீட்டில் வீரமலை காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பான். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீரமலையிடம் பொய்தான் சொன்னாள். வீட்டை விற்று ஜீயபுரத்தில், அவன் அண்ணன் பெரியண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழைக் கொல்லை வாங்கலாம் என்றாள். அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி, வித்துக்க" என்றான். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தானே என்று அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடி விழாத சந்தோஷத்தில் இருந்தாள்.

முதல் தப்பு விலையில் நடந்தது. சீக்கிரம் விற்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவள் ஆறாயிரம் என்றாள். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் ஒருத்தர் வந்தார். விலையைக் கேட்டதும் முகம் மலராமல் சுருங்கியது. ஓட்டைத் தட்டிப் பார்த்தார். சுவரைச் சுரண்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இதுல யாராச்சும் விழுந்து செத்திருக்காங்களா?" என்று கேட்டார். உத்தரத்தைப் பார்த்து, "இதுல யாராச்சும் தொங்கியிருக்காங்களா?" என்று கேட்டார். தெருவில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார்.

"எட்டாயிரம் பெறுமான வீட்டை ஆறுன்னா சந்தேகப்படத்தானேம்மா செய்வான்?" என்று லூர்து தலையில் அடித்துக்கொண்டார். "சீக்கிரம் விக்கணும்னா விலையைக் குறைக்கக்கூடாது. சரியான விலையைச் சொல்லணும். மாட்டுத் தரகர் மகள் நீ, உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

உண்மைதான். சந்தையில் மலிவாகச் சொன்ன மாட்டைத்தான் ஜனங்கள் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், மடியைப் பிடித்து இழுத்து, உதைக்கிறதா என்று பார்ப்பார்கள். இருளாயி விலையை எட்டாயிரமாக்கினாள். அதற்கப்புறம் ஆட்கள் நம்பி வந்தார்கள். ஃபிட்டரே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

அவர்கள் கூடத்தில் நின்று ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீரமலை மெதுவான குரலில், "இருளாயி, கொஞ்சம் கொல்லைப் பக்கம் வா" என்றான். தண்ணீர்க் குடம் நகர்த்தத்தான் கூப்பிடுகிறான் என்று போனாள். கிணற்றுக் கயிற்றை நாலாக மடித்து முதுகில் இழுத்தான். ஈரக்கயிறு. ரவிக்கை கிழிந்து சதையில் ஒட்டிக்கொண்டது. வயிற்றைக் காப்பாற்றச் சுருண்டு விழுந்தாள்; கழுத்திலும் தோளிலும் மாறி மாறி விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்காய்கள் பறந்தன. கூடத்தில் ஃபிட்டரின் பெண்டாட்டி, "வாங்க போலாம், நமக்கு எதுக்கு" என்று சொன்னது கொல்லை வரைக்கும் கேட்டது.

அடுத்து வந்தவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற யோசனை அவருக்கு. அவர் கிணற்றடிப் பக்கமே வரவில்லை. அதற்குள் வீரமலை அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டுவிட்டான். பின்மண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. கன்னத்துக்குள் பல் இறங்கி வாய் நிறைய ரத்தம். மோதுகிற சத்தமும் அவள் அலறலும் கேட்டு ஐயங்கார் அங்கவஸ்திரத்தை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"ஏன் ஓய் லூர்து, ஆத்தைப் பார்க்க வாரும்னு சொல்லிட்டு அடிதடியைக் காட்டறீரே! இந்த ராக்ஷசன் காலி பண்ணிண்டு போவானோ? எவன் குடக்கூலிக்கு வருவான்? பெருமாளே, நமக்கு இந்தச் சம்பந்தமே வேண்டாம்." வாசற்படி இறங்கும்போது அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளவில்லை.

அதற்கு மறுநாள்தான் லூர்து கோயில் மதிலோரம் இந்த இரண்டு விலையைச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியண்ணன் வந்தான். ஜீயபுரத்து வாழைத்தார் வியாபாரி. வெள்ளை வேட்டியும் பெரிய பல்லுமாக, வரும்போதே ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தான். இருளாயியின் வீங்கின முகத்தைப் பார்க்காதவன்போல் உத்தரத்தைப் பார்த்துப் பேசினான்.

"வெளி ஆளு எவனும் வரமாட்டேங்கிறானாமே, தம்பி சொன்னான். கவலைப்படாதம்மா. குடும்பத்துச் சொத்து வெளிய போவானேன்? மூவாயிரத்துக்கு நானே எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க, நான் என்ன விரட்டவா போறேன்?"

வீரமலை ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்து அண்ணனுக்குக் கொடுத்தான். அவளுக்கும் ஒன்று கொடுத்தான். அன்றைக்குக் கொல்லைப் பக்கம் கூப்பிடவில்லை. அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

கலர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு இருளாயி அவனையே பார்த்தாள். சின்ன வயசில் அப்பாவோடு சந்தைக்குப் போனபோது பார்த்தது ஞாபகம் வந்தது. நல்ல மாட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கையில் ஒருவன் மட்டும், "ஐயோ, முதுகுல சுழி சரியில்ல, வாங்கின வீடு விளங்காது" என்று சத்தம் போடுவான். மற்றவர்கள் கலைந்து போவார்கள். அப்பா அவள் காதில் சொல்வார்: "மடியில பணம் வச்சிருக்கிறவன் அவன்தான், பாத்துக்க."

வீடு பார்க்க ஆள் வந்தபோதெல்லாம் கோபத்தில் அடித்தான் என்று நினைத்திருந்தாளே, என்ன முட்டாள்தனம்! கோபமாவது ஒன்றாவது. மார்க்கெட் மேஸ்திரி விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கயிற்றடிக்கு ஆயிரம், சுவர் மோதலுக்கு ஆயிரம் என்று அவள் உடம்பின்மேல் அடித்து அடித்து விலையை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்கு அவள் தொண்டையும் கூலி இல்லாமல் வேலை செய்திருக்கிறது. அவள் கத்தாமல் இருந்திருந்தால் ஃபிட்டருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஐயங்காருக்கு என்ன தெரிந்திருக்கும்? சோடாவை அப்படியே கீழே வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று மட்டும் பெரியண்ணனிடம் சொன்னாள்.

மறுநாள் லூர்தைத் தேடிப் பாலக்கரைக்கே போனாள். "இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வாங்கண்ணே. விலை எட்டாயிரம்தான். காலி வீடு. புருஷன் பேச்சே எடுக்காதீங்க."

"மாதாவே! அவன் அடிப்பானேம்மா."

"அடிக்கட்டும். சத்தம் வராது."

லூர்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தோல் வியாபாரம் செய்யும் நஜிமுதீன் ராவுத்தரும் அவர் மனைவி சாரா பீவியும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். புதுசாகக் கல்யாணமான இரண்டாவது மகனுக்குத் தனி வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் உயரமான மனுஷர். வாசலில் குனிந்து வந்து, நிலைப்படியைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். சாரா பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். ஐம்பது வயசிருக்கும். பெற்று வளர்த்து ஓய்ந்த கண்.

"இருளாயி, கொஞ்சம் கொல்லைப் பக்கம் வா."

லூர்தின் முகம் வெளுத்தது. இருளாயி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு போனாள்.

கிணற்றடிக்குப் போனதும் முடியைப் பிடித்துச் சுழற்றினான். முழங்கையால் விலாவில் குத்தினான். கண் இருட்டிற்று. கிணற்றுச் சுவரில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி வயிற்றுக்கு அணையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை. முதுகில் குத்தினான், வரவில்லை. வீரமலைக்குப் புரியவில்லை. குனிந்து அவள் காதோடு கிசுகிசுத்தான்.

"கத்துடி."

அவள் முந்தானையைக் கடித்தாள்.

"கத்துடி முண்டை" என்றான் இன்னும் மெதுவாக. அவன் சத்தம் போட்டால் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். அவள் சத்தம் போட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஊர் வழக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

காலைத் தூக்கினான். அந்தக் கால் எங்கே வரும் என்று இருளாயிக்குத் தெரியும். இரண்டு தடவை வந்த கால். வலது கையை நீட்டி அவன் காலைப் பிடித்தாள். அவன் உதைப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் இழுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டாள். கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு வயிற்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

சுண்டு விரலைப் பின்னால் வளைத்தான். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். "கத்துடி." அடுத்த விரலைப் பிடித்தான். "கத்தப்போறியா இல்லையா?" அதுவும் ஒடிந்தது. நடுவிரலுக்கு அவன் இரண்டு கையையும் போட வேண்டியிருந்தது. அவள் வாயிலிருந்த துணி நனைந்து போயிற்று, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது, சிறுநீர்கூடப் பிரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு சத்தம் வந்தால் பிள்ளை போயிற்று என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. வீரமலை அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, சமர்த்துப் பிள்ளையாக வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். சாரா பீவி வந்தாள். ஆம்பிளை நிற்பதைப் பார்த்துத் துப்பட்டியை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். அவன் முன்கட்டுக்குப் போனான்.

"தண்ணி நல்லாருக்குமா?"

"நல்லா இருக்கும்மா. கோடையிலயும் வத்தாது" என்றாள் இருளாயி. இடது கையால் வாளியைத் தூக்கினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. தரையில் மேலும் தண்ணீர் ஊற்றி ஈரத்தை மறைத்தாள்.

சாரா பீவி ஒரு கை தண்ணீர் குடித்தாள். வாளியைப் பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள், இருளாயி நிற்கிற நிற்பைப் பார்த்தாள். குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எத்தனை மாசம்?"

இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாலு முடிஞ்சிருச்சு."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இருக்காதும்மா."

சாரா பீவி துப்பட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் ராவுத்தர் ஏழரை என்றார். இருளாயி எட்டு என்றாள். ஏழே முக்கால் என்றார். எட்டு என்றாள். அவள் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. ராவுத்தர் மனைவியைப் பார்த்தார். சாரா பீவி தலையை ஆட்டினாள்.

"சரி, எட்டு. வீடு அமைதியா இருக்கு. சின்னஞ்சிறுசுங்க குடித்தனம் பண்ண இதான் வேணும்" என்றார். லூர்து அவசர அவசரமாக வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து வைத்தார். ராவுத்தர் 'பிஸ்மில்லாஹ்' என்று அச்சாரப் பணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்.

இருளாயி நகரவில்லை. லூர்து தானே வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"நீங்க இருங்க லூர்து. வீட்டுக்குச் சொந்தக்காரங்க கையால வாங்கட்டும். சோத்துக் கையால வாங்குனாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

அச்சாரத்தை இடது கையால் வாங்குகிறவள் இந்த ஊரில் உண்டா? அப்படி வாங்கினால் கொடுப்பவர் எழுந்து போய்விடுவார். கதவில் சாய்ந்திருந்த வீரமலை மெல்லச் சிரித்தான். இருளாயி முந்தானையை விலக்கி வலது கையை நீட்டினாள்.

மூன்று விரலும் மூன்று திசையில் இருந்தன. கை கருநீலமாக வீங்கி, மோதிர விரலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ராவுத்தரின் தட்டு நடுவழியில் நின்றுவிட்டது.

"யா அல்லா! என்னம்மா இது?"

"ராட்டினத்துல மாட்டிக்கிச்சு பாய்" என்று வீரமலை முன்னால் வந்தான். "நான் இவ புருஷன். நீங்க தாராளமா வாங்குங்க. ஆனா நான் எங்கயும் போறதா இல்லை. இங்கதான் இருப்பேன்."

ராவுத்தர் லூர்தைப் பார்த்தார். லூர்து தரையைப் பார்த்தார். ராவுத்தர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி.

"ஆள் காலி பண்ணமாட்டார்னு நீங்க யாரும் சொல்லலையே. காலி வீடுன்னாதான் எட்டு. இவரை வெளியேத்தறது என் தலையில விழுந்தா நாலுக்கு மேல என்னால முடியாதும்மா. மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"எட்டுதாங்க" என்றாள் இருளாயி.

"அம்மா, நான் சொல்றது—"

"எட்டு. ஒரு காசு குறைக்கமாட்டேன். இந்த ஆளு ஒவ்வொருத்தர் வர்றப்பவும் என்னை அடிச்சு விலையை இறக்கினான். இவன் அண்ணன் மூவாயிரத்துக்கு எடுக்கக் காத்துக்கிட்டிருக்கான். இப்ப இந்தக் கையைப் பாத்துட்டு நீங்க நாலாயிரம் குறைச்சீங்கன்னா, அது அவன் அடிச்ச அடிக்கு நீங்க கூலி குடுக்கிற மாதிரிங்க. எங்கப்பா கட்டின வீடு எட்டாயிரம் பெறும். என் விரலு ஒடிஞ்சதுக்கு வீடு என்ன பண்ணும்?" அவள் திரும்பி வீரமலையைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. "இன்னும் அடி. இனிமே அடிச்சா விலை ஏறும். அடிக்கு ஆயிரம்."

வீரமலை இந்தத் தடவை கொல்லைப் பக்கம் கூப்பிடவில்லை. பாய்ந்தான். கழுத்தைப் பிடித்துத் தரையில் அடித்தான். அவள் மல்லாந்து விழுந்தாள். லூர்து குறுக்கே குடையை நீட்டினார். குடை இரண்டாக முறிந்தது, லூர்து சுவரோடு போய் விழுந்தார். ராவுத்தர் எழுவதற்குள் வீரமலை காலைத் தூக்கிவிட்டான். குதிகால் நேராக அவள் வயிற்றுக்குத்தான் வந்தது. கையால் வயிற்றை மூடிக்கொண்டு இருளாயி கண்ணை இறுக்கினாள்.

அடி விழுந்தது. அவள்மேல் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள்மேல் வெள்ளைத் துப்பட்டி கிடந்தது. குறுக்கே வந்து விழுந்த சாரா பீவியின் இடுப்பில் உதை இறங்கி, அந்த அம்மாள் தலை நிலைப்படியில் மோதியிருந்தது. துப்பட்டியில் ரத்தம் பரவிக்கொண்டு வந்தது.

"சாரா!" என்று ராவுத்தர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பிறகு நடந்ததை என்ன சொல்ல! ஒன்பது வருஷமாக இருளாயி கத்தினபோது கதவைச் சாத்திக்கொண்ட தெரு அது. எதிர்வீட்டுப் பால்காரர், அடுத்த வீட்டு நெசவுக்காரர்கள், சைக்கிள் கடைக்காரன், குதிரை வண்டிக்காரன் என்று அத்தனை ஆம்பிளைகளும் உலக்கையும் கம்புமாக உள்ளே பாய்ந்தார்கள். "அடுத்தவர் பொண்டாட்டி மேலயா காலை வைக்கிறே? விருந்தாளியா வந்த பொம்பளையவா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். வீரமலையின் முன்பல் தெறித்துக் கூடத்தில் விழுந்தது. தோள்பட்டை கழன்று தொங்கியது. அவன் கத்தினான். யாரும் கிசுகிசுத்துக் கேட்காமலேயே ஊர் கேட்கக் கத்தினான். தெருவுக்கு இழுத்துப் போனார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் கம்புகள் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. 'புருஷன் பொண்டாட்டி விவகாரம், வீட்டுக்குப் போம்மா' என்று மூன்று தடவை இருளாயியைத் திருப்பி அனுப்பின அதே ஏட்டு, சைக்கிளை மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு வந்து, உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே எழுதினார். வீரமலையை விலங்கு மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நடக்க முடியவில்லை அவனால்.

கூடத்தில் வெற்றிலை சிதறிக் கிடந்தது. ராவுத்தர் மனைவியின் நெற்றியில் துணி கட்டினார். லூர்து இருளாயியின் விரல்களுக்கு முறிந்த குடைக் கம்பியை வைத்துக் கட்டிக்கொண்டே அழுதார்.

"ஏங்க" என்றாள் சாரா பீவி, கண்ணைத் திறக்காமல். "காலி வீட்டு விலையையே குடுத்துருங்க. வீடுதான் காலியாயிருச்சே."

ராவுத்தர் பணத்தைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். எங்கே போகப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டு, நாளைக்கே ரிஜிஸ்தர் பண்ணிவிடலாம், அன்றைக்கே கோலாருக்கு ரயிலும் ஏற்றிவிடுகிறேன் என்றார். தட்டை அவர் நீட்டவில்லை. இருளாயியின் மடியில் வைத்தார்.

இருளாயி அந்த அம்மாள் பக்கத்தில் நகர்ந்து போய் உட்கார்ந்தாள். நெற்றிக் கட்டு சிவந்துகொண்டிருந்தது.

"ஏம்மா குறுக்க விழுந்தீங்க? ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதாதா? யாராச்சும் வந்திருப்பாங்களே."

சாரா பீவி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"யாரு வருவாங்கம்மா? உன்னைய அடிச்சா அது குடும்பம். என்னைய அடிச்சாத்தானே அடி."